சஸ்காட்செவன் குளிர்காலம்: முற்றத்துப் பறவைகளா, சாலையோரப் பறவைகளா?

கனடாவின் சஸ்காட்செவன் புல்வெளியில் ஜனவரி மாதம் பறவை பார்க்க இரண்டு வழி உண்டு. பண்ணை வீட்டு முற்றத்தில் பறவைகளுக்குத் தீனி வைக்கும் ஃபீடரைத் தொங்கவிட்டு ஜன்னலோரம் உட்காரலாம். இல்லையென்றால் காரை எடுத்துக்கொண்டு வயல்களைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் சரளைச் சாலைகளில், அதாவது கிரிட் ரோடுகளில், மெதுவாகச் சுற்றலாம்.

பறவை நிறைய வேண்டும் என்றால் முற்றம்தான். கறுப்புச் சூரியகாந்தி விதையும் கொஞ்சம் மாட்டுக் கொழுப்பும் வைத்தால் கருந்தலை சிக்கடி, டௌனி மரங்கொத்தி, நீல ஜே எல்லாம் ஒரே காலையில் வந்துவிடும். சிக்கடியின் எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான். இரவில் உடல் வெப்பத்தைப் பத்து டிகிரி வரை தானே குறைத்துக்கொண்டு, மைனஸ் முப்பதிலும் தாக்குப்பிடிக்கிறது. ரெட்போல் என்ற சிறு குருவி அப்படி நம்பத்தக்க விருந்தாளி இல்லை. வடக்கே பிர்ச் மர விதை பொய்த்தால் கூட்டமாக இறங்கும். நன்றாக விளைந்த வருடம் தலைகாட்டாமலே போகலாம்.

ஆனால் முற்றத்துக்கு வருபவை பெரும்பாலும் மரத்தை நம்பி வாழ்பவை. அந்த மரங்களோ, காற்றைத் தடுக்க விவசாயிகள் வரிசையாக நட்டவை. இண்டியன் ஹெட் ஊரின் அரசு நாற்றுப் பண்ணை 1900களின் தொடக்கத்திலிருந்து கொடுத்த கன்றுகள் அதில் ஏராளம். புல்வெளிக்கே உரிய குளிர்காலத்தைப் பார்க்க வேண்டுமா, வேலியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். என் ஓட்டு சாலைக்கே.

முதல் காரணம் பனி ஆந்தை. ஆர்க்டிக் துந்திராவில் மரமே கிடையாது. அங்கே முட்டையிலிருந்து பொரிந்து வளர்ந்த பறவைக்கு இந்த வெட்டவெளி அந்நியமாகத் தெரியாதுபோல. பகலிலேயே மின்கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். வயதான ஆண் ஏறக்குறைய முழு வெள்ளை. இளம் பெட்டையின் உடலில் கரும்பட்டைகள் நெருக்கமாக ஓடும், முகம் மட்டும் வெள்ளை. தலையைத் திருப்பி மஞ்சள் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வயலை அளக்கும்.

அப்புறம் பனிக் குருவிக் கூட்டம். அறுவடை முடிந்த தாளடி வயலிலிருந்து குபீரென்று எழும்போதுதான் இறக்கையின் வெள்ளையும் கறுப்பு நுனியும் தெரியும். கூர்வால் கிரௌஸ் என்ற காட்டுக்கோழி வகை சஸ்காட்செவன் மாகாணத்தின் அடையாளப் பறவை. குளிர்காலத்தில் அதன் கால்விரல் ஓரங்களில் சீப்புப் பல் போன்ற செதில்கள் முளைக்கும், பனியில் புதையாமல் நடக்க. இரவில் பனிக்குள்ளேயே குழி பறித்துத் தூங்கும்.

சாலையில் வெறுங்கையோடு திரும்பும் நாளும் உண்டு. பெட்ரோல் நிரப்பி, போர்வை எடுத்துக்கொண்டு, போகும் வழியை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். ஆந்தையைக் கண்டால் தள்ளியே நிறுத்தி, காருக்குள்ளிருந்தே பாருங்கள். நெருங்கிப் பறக்கவிட்டால், வேட்டைக்குச் சேமித்த சக்தி வீணாகிறது. படத்துக்காக எலியைத் தூக்கிப் போடுவது அதைவிட மோசம். சாலைக்கு வரப் பழகிய ஆந்தை வண்டியில் அடிபட்டுச் சாகும்.

சிலர் கார்டினர் அணையையும் சொல்வார்கள். அணைக்குக் கீழே ஆறு உறையாத இடத்தில் கோல்டன்ஐ வாத்தும் வெண்தலைக் கழுகும் கிடைக்கும். நல்ல இடம்தான், ஆனால் அது ஆற்றின் கதை.

கைக்குழந்தையோ வயதானவர்களோ வீட்டில் இருந்தால் ஃபீடரே சரி. டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை நடக்கும் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பில், கணக்கெடுப்புக்கென்று குறித்த 24 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் வீடு இருந்தால் ஜன்னலிலிருந்து எண்ணியதையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.