பம்பலப்பிட்டியில் எழுபதுகளை விற்கும் மாடிக்கடை

கொழும்பின் காலி வீதியிலிருந்து பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தையற்கடைக்கு மேலே, பெயர்ப்பலகை இல்லாத பழம்பொருட்கடை ஒன்று இருக்கிறது. உரிமையாளரை எல்லோரும் ‘நானா’ என்று அழைப்பதால், நானாவின் கடை என்று கேட்டால் அந்த ஒழுங்கையில் யாரும் வழி காட்டுவார்கள். 1970களின் இசைத்தட்டுகளும், அவற்றைப் பாடவைக்கும் பெட்டிகளும், அக்காலத்து விளையாட்டுச் சாமான்களும் அங்கே விற்பனைக்கு உள்ளன. எழுபதுகளில் கொழும்பில் வளர்ந்த ஒருவர் தமது சிறுபராயத்தைத் தேடி அந்தப் படிகளில் ஏறினால் அதில் பாதியைத்தான் கண்டெடுப்பார் என்பதே என் மதிப்பீடு. மற்றப் பாதி வேறு யாரோ ஒருவருடையது.

அந்த மற்றப் பாதிதான் முதலில் கண்ணில் படுகிறது. படியேறியதும் எதிர்ப்படும் கண்ணாடி அலுமாரியில் லிவர்பூலில் தயாரான டிங்கி கார்களும், லெஸ்னி நிறுவனத்தின் மட்ச்பொக்ஸ் வண்டிகளும், கோர்கி லொறிகளும், படச்சில்லைச் செருகிக் கண்ணருகே பிடித்துப் பார்க்கும் வியூமாஸ்டர் கருவிகளும் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் முன்னும் சிறு அட்டையில் விலை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. டிங்கியின் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டதால், பெட்டியோடு இருக்கும் கார்களுக்கு உலகெங்கும் சேகரிப்போர் நல்ல விலை கொடுக்கிறார்கள். நானாவுக்கும் அது தெரியும். ஆனால் பல கார்கள் புதிதாக வர்ணம் பூசப்பட்டவை என்பது அட்டையில் இல்லை. கதவு இடுக்குகளில் வர்ணம் தேங்கித் தடித்திருப்பதைக் கையில் எடுத்துப் பார்த்தால் கண்டுகொள்ளலாம். வியூமாஸ்டரின் படச்சில்லு ஒன்றில் 14 சிறு படங்கள் இருக்கும். கண்ணுக்கு ஒன்றாக இரண்டிரண்டு சேர்ந்து 7 காட்சிகளாகத் தெரியும். பழைய சில்லுகளில் வானம் இன்னும் நீலமாகவே இருக்க, எழுபதுகளின் பிற்பகுதியைச் சேர்ந்த சில்லுகள் பலவற்றில் வானம், மலை, மனிதர் எல்லாமே இளஞ்சிவப்பாகிவிட்டன. அக்காலத்தில் மாற்றப்பட்ட படச்சுருளின் சாயம் நிலைக்காததே அதற்குக் காரணம். ஆகவே யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாராமல் காசைக் கொடுக்கக் கூடாது.

இருந்தாலும் வர்ணமும் சாயமும் எனக்குப் பெரிய குறைகள் அல்ல. இவற்றில் எது எழுபதுகளின் கொழும்புப் பிள்ளையின் கையில் இருந்தது என்பதுதான் என் கேள்வி. 1970இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்த காலம் அது. பாணுக்கே வரிசையில் நின்ற நாட்டில் விளையாட்டுக் காருக்கு யார் அனுமதிப்பத்திரம் கொடுத்திருப்பார்கள்? 1977இல் ஆட்சி மாறி, ஜே.ஆர். ஜயவர்தன பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகுதான் புறக்கோட்டைக் கடைகளில் வெளிநாட்டு பிளாஸ்டிக் சாமான்கள் குவிந்தன. அதற்குள் எங்களில் பலருக்கு மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. லண்டனில் மாமா இருந்த வீடுகளிலும் கறுவாத்தோட்டத்துப் பெரிய வீடுகளிலும் டிங்கி கார்கள் ஓடியிருக்கலாம். மற்றவர்கள் மீன் பேணியைக் கவிழ்த்து, சோடா மூடிகளைச் சில்லாக்கி, ஈர்க்கை அச்சாகக் கோத்து வண்டி செய்தோம். போளை, பம்பரம், காலிமுகத்திடலில் பட்டம், ஆடிவேல் திருவிழாக் காலத்தில் காலி வீதி ஓரமாக முளைத்த கடைகளில் வாங்கிய காற்றாடியும் ஊதலும் அழுத்தினால் சத்தமிடும் தகரத் தவளையும் என்று போயிற்று அந்தக் காலம். அவை வாங்கிய வாரத்திலேயே உடைந்துவிட்டன. உடைவதற்கென்றே செய்தவை சேகரிப்பாளரின் அலுமாரி வரை வந்து சேர்வதில்லை. ஆகவே எங்கள் சாமான்கள் அங்கு இல்லாததற்கு நானாவைக் குறை சொல்ல முடியாது. ‘உங்கள் சிறுவயது’ என்று அலுமாரிக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கும் அட்டையைத்தான் குறை சொல்லலாம்.

அலுமாரியின் அடித்தட்டில், விலை அட்டைகூட இல்லாமல் கிடக்கும் தகரப் படகு மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதுவும் இந்தியாவிலிருந்து வந்த புதுச் சரக்குத்தான். ஆனால் அமைப்பு அன்றிருந்ததேதான். உள்ளங்கையளவு படகின் வயிற்றுக்குள் மெல்லிய தகட்டாலான சிறு கொதிகலன் ஒன்றும், அதிலிருந்து பின்புறமாக நீருக்குள் நீளும் இரண்டு குழாய்களும் உண்டு. குழாய்களில் நீரை நிரப்பி, தேங்காயெண்ணெய் ஊற்றிய சின்னத் தகட்டு விளக்கைக் கொதிகலனுக்கு அடியில் தள்ளிவிட்டால், நீராவி குழாயிலுள்ள நீரைப் பின்னால் உந்தும். நீராவி குளிர்ந்ததும் நீர் மறுபடி உள்ளே இழுபடும். தகடு ஒவ்வொரு முறையும் புடைத்து ஒடுங்க, படகு ‘டப டப’ என்று சத்தமிட்டபடி முன்னேறும். கேட்டால் நானா பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் பிடித்து ஓட்டிக் காட்டுகிறார். முதலில் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. விளக்கு அணைந்துவிட்டதோ என்று குனியும் வேளையில்தான் சத்தம் தொடங்கும். கடையிலேயே மிக மலிவான பொருள் அதுதான்.

இனி இசைத்தட்டுகள். பின்னறையின் நீண்ட மேசையில் ‘இங்கிலீஷ்’, ‘சிங்களம்’, ‘இந்தியா’ என்று எழுதிய மரப்பெட்டிகளில் நிமிடத்துக்கு 45 முறை சுழலும் (45 ஆர்.பி.எம்.) ஏழு அங்குலத் தட்டுகள் நிறைந்திருக்கின்றன. ஆங்கிலப் பெட்டியில் அபாவும் போனி எம்மும் கார்ப்பென்டர்ஸும் உண்டு. 1964இலேயே இறந்துபோன ஜிம் ரீவ்ஸுக்குத் தனியாக ஒரு வரிசையே உண்டு, கொழும்பில் வேறு எப்படி இருக்கும்? சிங்களப் பெட்டி ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறது: கிளரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்டோன்ஸும் ஓரிடத்தில், 1971இல் தொடங்கிய ஜிப்சீஸ் குழு இன்னோரிடத்தில், பாடகர் பெயர் எழுதிய அட்டைகள் இடையிடையே. தமிழுக்கென்று பெட்டியே கிடையாது. இலங்கைத் தமிழ்ப் பொப் பாடல்களின் தட்டுகளைத் தேடி ‘இந்தியா’ பெட்டிக்குள், எம்.எஸ். விஸ்வநாதனின் திரைப்பாடல்களுக்கும் இந்திப் படத் தட்டுகளுக்கும் நடுவில் விரல் விட்டுத் துழாவ வேண்டியிருந்தது. “நானா, இது நம்மட நாட்டுப் பாட்டு, ஏன் இந்தியப் பெட்டிக்குள்ள வச்சிருக்கிறீங்க?” என்று கேட்டதற்கு, “தமிழ் எண்டா எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டுருவான் இந்தப் பொடியன்” என்று உதவியாளரைக் காட்டிவிட்டார். பையன் சிரித்தான். பெட்டி அப்படியே இருக்கிறது.

இதைச் சிறு விடயம் என்று தள்ளிவிட முடியாது. அறுபதுகளின் பிற்பகுதியில் இங்கு தலையெடுத்த தமிழ்ப் பொப் இசை சினிமாவின் தயவில் பிறந்தது அல்ல. கிற்றாரும் பொங்கோவும் எடுத்துக்கொண்டு மேடையேறிய இளைஞர்கள், போர்த்துக்கேயர் வழியாக இத்தீவுக்கு வந்த பைலாவின் ஆறெட்டுத் தாளத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை ஏற்றிப் பாடினார்கள். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ அப்படி வந்தது. அவருடைய ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’, குடிக்காதே என்ற புத்திமதியைக் குடித்தவனையும் ஆடவைக்கும் மெட்டில் சொன்னது. ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்து கடல் கடந்தது. 1977இல் வெளிவந்த தமிழகப் படமொன்றில் இளையராஜாவின் இசையிலும் அது ஒலித்தது. 2018இல் சென்னையில் காலமானபோதும் தமிழகத்து ரசிகர்களுக்கு அவர் ‘சிலோன்’ மனோகர்தான். திரைப்பாடல் ஒன்று தொலைந்தால் படச்சுருளிலாவது அதைத் தேடலாம். இந்தப் பாடல்களுக்குத் தட்டை விட்டால் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் ஒலிக்களஞ்சியம் இருந்தது, அதற்கப்பால் கேட்டவர்களின் காது இருந்தது. இணையத்தில் உலவும் பிரதிகளில் பல தேய்ந்த கசெட்டிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதால் சுருதி அரைக்கட்டை ஏறியோ இறங்கியோ நிற்கின்றன. இப்படிப்பட்ட தட்டை ‘இந்தியா’ என்று எழுதிய பெட்டிக்குள் போட்டுவிட்டால், அதைத் தேடி வருபவர் இல்லையென்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவார்.

உள்ளவையும் அதிகம் இல்லை. தட்டு வாங்கும் வசதி படைத்த தமிழ் வீடுகள் நிறைந்திருந்த வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் 1983 யூலையில் எரிந்தவற்றுள் இவையும் இருந்தன. தப்பியவை, புலம்பெயர்ந்தவர்கள் பூட்டிவிட்டுப் போன அறைகளில் பூஞ்சணம் பிடித்தன. வீடு விற்கும் குடும்பங்களிடமிருந்து பெட்டியோடு வாங்குவதாக நானா சொல்கிறார். இந்தியத் திரைப்பாடல் தட்டுக்கு 1,500 ரூபாவும் உள்ளூர்த் தமிழ்ப் பொப் தட்டுக்கு 6,000 ரூபா வரையும் கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த விலை உறையைப் பார்த்து வைக்கப்படுகிறது, தட்டின் வரிகளைப் பார்த்து அல்ல. பளபளக்கும் உறைக்குள் கீறல் விழுந்த தட்டும், கிழிந்த கடதாசிக்குள் புதுத் தட்டும் ஒரே கடையில் கிடைப்பதால், ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சரித்துப் பார்ப்பது வாங்குபவரின் பொறுப்பு. மயிரிழைக் கோடுகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. விரல் நுனியை மெல்ல ஓட்டும்போது தட்டுப்படும் கீறலில்தான் ஊசி துள்ளும்.

கடையின் மிகப் பெரிய குறையும் இந்த அறையில்தான் இருக்கிறது. பெட்டிகளில் இடம் போதாத தட்டுகள் கூரைத் தகட்டுக்கு நேர் கீழே, தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. கொழும்பு வெயிலில் அந்தச் சூடும் பாரமும் சேர்ந்தால் வினைல் அப்பளம்போல் நெளிந்துவிடும். நிமிர்த்தி வைத்தால் தீரும் பிரச்சினை இது. வாங்குபவர் தட்டைச் சுழலவிட்டு, பக்கவாட்டில் கண்ணை வைத்து ஊசிக்கை ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கேட்டுப் பார்த்து வாங்க நானா தாராளமாக இடம் கொடுக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வசதியை எல்லாக் கடைகளிலும் எதிர்பார்க்க முடியாது.

கேட்டுப் பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் திருத்துநரை எல்லோரும் ‘பாஸ்’ என்கிறார்கள். அவருக்காகவே இந்தக் கடைக்குப் போகலாம். எழுபதுகளின் பிலிப்ஸ் பெட்டியானாலும் கராட் இயந்திரமானாலும், அவர் முதலில் பார்ப்பது தட்டைச் சுழற்றும் இறப்பர் சில்லைத்தான். காலப்போக்கில் அது இறுகி வழுவழுப்பாகி வழுக்குவதால் வேகம் குறைந்து பாட்டு இழுபடும். மெல்லிய உரசுதாளால் அதன் ஓரத்தைப் பட்டும் படாமலும் தேய்த்து, ஸ்பிரிட் தோய்ந்த துணியால் துடைத்துவிட்டு, கோடுகள் அச்சிட்ட வட்டத்தாள் ஒன்றைத் தட்டின் இடத்தில் வைத்துச் சுழலவிடுகிறார். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், பழைய சோக் பொருத்திய டியூப் லைட் வினாடிக்கு 100 முறை மினுங்கும். வேகம் சரியாக இருந்தால் அந்த மினுக்கத்தில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும், பிந்தினால் பின்னோக்கி ஊரும். எல்.ஈ.டி. விளக்கில் இதை நம்ப முடியாது என்பதற்காகவே தன் மேசைக்கு மேலே இருக்கும் பழைய டியூப்பை மாற்ற அவர் விடுவதில்லையாம். அவர் சரிசெய்து தந்த பெட்டியில், சிறுவயதில் வானொலியில் கேட்ட பொப் பாட்டொன்று அன்றைய சுருதியிலேயே வந்தது. கோரஸுக்குப் பின்னால் யாரோ கைதட்டித் தாளம் போடுகிறார்கள் என்பதும் அப்போதுதான் காதில் விழுந்தது.

இதே கடையில் புளூடூத்தோடு வரும் புதுப் பெட்டிகளும் விற்பனைக்கு உண்டு: சிவப்பு றெக்சின், பித்தளைப் பூட்டு, பார்ப்பதற்கு அழகு. பேரப்பிள்ளைக்குப் பரிசாக வாங்க நினைப்பவர்கள் ஊசிக்கையைக் கவனிக்க வேண்டும். நல்ல காந்த ஊசித்தலை ஏறக்குறைய 2 கிராம் பாரத்தோடு தட்டில் இருக்கும்போது, இத்தகைய மலிவுப் பெட்டிகளின் செராமிக் தலைகள் 5 கிராம் அளவில் அழுத்துகின்றன. பாரத்தைக் குறைக்கும் திருகாணியும் அவற்றில் இருப்பதில்லை. 6,000 ரூபாவுக்கு வாங்கிய, மறுபடி கிடைக்காத தட்டை அதில் போடுவதைவிடச் சும்மா வைத்திருப்பது மேல். அந்தப் புதுப் பெட்டியின் விலைக்குச் சற்று மேலே கொடுத்தால், பாஸ் சரிபார்த்து, வைர ஊசி பொருத்திய பழைய பெட்டி கிடைக்கிறது. நீலக்கல் ஊசியை விட அது பல மடங்கு உழைக்கும்.

படிகள் செங்குத்தானவை, கைப்பிடி ஒரு பக்கத்தில் மட்டும்தான். அட்டைகள் ஏற்பதில்லை, காசாகக் கொண்டுபோக வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகக் கடை பூட்டியிருக்கும்; சனிக்கிழமைகளில் கடை திறந்திருந்தாலும் பாஸ் வருவதில்லை. ஊசி மாற்ற வேண்டியவர்கள் பழைய ஊசியை வீட்டில் கழற்றி எறிந்துவிடாமல் தலையோடு சேர்த்துக் கொண்டுபோவது நல்லது, அதைப் பார்த்துத்தான் பொருத்தமான ஊசியைத் தமது டப்பாவில் தேடி எடுக்கிறார்.