பூசண ஸ்ப்ரே: டைல்ஸுக்குச் சரி, பட்டிச் சுவருக்குத் தண்டம்

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் ஏறினால் போதும், பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்து வீடுகளில் பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி எட்டிப் பார்க்கும். உடனே ஹார்டுவேர் கடைக்குப் போய் அரை லிட்டர் பூசண ஸ்ப்ரே வாங்குகிறோம். லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் உள்ள சரக்கு சோடியம் ஹைப்போகுளோரைட்தான், அதாவது பிளீச். கூடவே கொஞ்சம் சோப்பு.

பாத்ரூம் டைல்ஸ் இடுக்கிலும் ஆயில் பெயின்ட் சுவரிலும் இதைக் குறை சொல்ல முடியாது. அடித்து 10 முதல் 15 நிமிடம் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் கறுப்பு போய்விடும். முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்கை எடுத்துவிடுவது நல்லது. அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும்.

பட்டி (பெயின்டுக்கு முன் சுவரைச் சமமாக்கப் பூசும் புட்டி) பார்த்து எமல்ஷன் அடித்த சுவரில் கதை வேறு. பிளீச் மேல்பரப்பில் நிறத்தை எடுத்துவிட்டு நின்றுவிடும். அதிலிருக்கும் தண்ணீர் மட்டும் பட்டிக்குள் இறங்கும். சுவர் வெள்ளையாகிவிட்டதே என்று நிம்மதியாக இருந்தால், உள்ளே மிஞ்சிய வேர் அந்த ஈரத்தைக் குடித்துத் திரும்ப முளைக்கும். ‘நிரந்தரத் தீர்வு’ என்று பாட்டிலில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

டைல்ஸுக்கேகூட ஸ்ப்ரேதான் வேண்டும் என்றில்லை. மளிகைக் கடையில் விற்கும் வாசனை சேர்க்காத பிளீச் திரவத்தை லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி கலந்தால் அதே வேலை நடக்கும், செலவும் குறைவு. தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள், நம்மூர் வெயிலில் பழைய பாட்டில் வீரியம் இழந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். டாய்லெட் ஆசிட் பட்ட இடத்தில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

சுவரில் இருப்பது பூசணமா உப்பா என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளையாகப் பொடி பூத்து, தண்ணீர் தெளித்ததும் கரைந்தால் அது உப்பு. அதற்கு எந்த ஸ்ப்ரேயும் உதவாது. அடுத்து, ஈரம் எங்கிருந்து வருகிறது? ஒரு அடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, 2 நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: பைப் கசிவு, மொட்டை மாடி விரிசல், அஸ்திவாரம். அறைப் பக்கம் நனைந்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. பீரோவை மூணு விரற்கடை தள்ளிப் போட்டு, உள்ளே துணி காயப்போடுவதை நிறுத்தினாலே பாதி சரியாகும்.

ஓதத்தை அடைத்த பிறகு, பூசணம் ஏறிய பட்டியை ஈரப்படுத்தி (உலர்ந்தபடி சுரண்டினால் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும்) காரை தெரியும் வரை பட்டிக்கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். காரை நன்றாகக் காய்ந்தபின் புதுப் பட்டியும் பிரைமரும். பூசண எதிர்ப்பு பெயின்ட் அதற்குமேல் அடித்தால் பலன் உண்டு. ஈரச் சுவரில் அடித்தால் தோலாக உரியும். பெயின்டர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், ஐப்பசி மழையும் ஓய்ந்து தை, மாசியில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.