மெட்டாகிரிட்டிக், ஓப்பன்கிரிட்டிக், யூடியூப், ஸ்டீம்: கேம் வாங்குமுன் யார் பேச்சைக் கேட்கலாம்?

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கேம் டிஸ்க் விற்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "அண்ணே, இதுக்குத் தொண்ணூறு மார்க் போட்டிருக்கான், எடுத்துரலாமா?" புது டிஸ்க் நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய். உறையைப் பிரித்துவிட்டால் பழைய டிஸ்க் விலைதான். அதனால் மார்க் போட்டவர் யார், எந்த மெஷினில் ஆடினார், யார் காசில் ஆடினார் என்பதை முதலில் பார்த்தே ஆகவேண்டும்.

மெட்டாகிரிட்டிக் பல பத்திரிகைகளின் மதிப்பெண்களைச் சேர்த்து நூற்றுக்கு ஒரு சராசரி தருகிறது. எந்தப் பத்திரிகையின் மார்க்குக்கு எவ்வளவு எடை, அதாவது முக்கியத்துவம், என்பதை மட்டும் வெளியே சொல்வதில்லை. இது பெரிய குறை, ஏனென்றால் அந்த எண்ணை நம்பிக் காசு கைமாறுகிறது. 2010இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகாஸ் 85 எடுத்தால் அதை உருவாக்கிய அப்சிடியனுக்கு போனஸ் என்று ஒப்பந்தம், கிடைத்தது 84. இப்படியிருக்க, விமர்சகர் மேல் நெருக்கடி வராமல் எப்படி இருக்கும்?

ஓப்பன்கிரிட்டிக்கும் இதே வேலை செய்யும் தளம்தான், ஆனால் எடையெல்லாம் போடாமல் நேர் சராசரி எடுக்கிறது. எங்கள் ஓட்டு இதற்குத்தான். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வந்தபோது, வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது பிசி காப்பி மட்டும். சொந்தமாகப் பதிவு செய்த காட்சிகளைக் காட்டவும் தடை. மார்க் தொண்ணூறைத் தொட்டது. சோனியின் பிஎஸ்4 மெஷினில் போட்டவர்களுக்குக் கேம் அடிக்கடி நின்றுபோனது. சோனி ஒரே வாரத்தில் தன் ஸ்டோரிலிருந்து அதைத் தூக்கியது. அப்போது ஓப்பன்கிரிட்டிக் அந்தக் கேமின் பக்கத்திலேயே எச்சரிக்கை போட்டது.

இலவசக் காப்பி வாங்குவது தப்பில்லை. அது இல்லாமல் வெளியீட்டு நாளன்று விமர்சனம் எழுத முடியாது. காப்பியோடு வரும் நிபந்தனையை மறைப்பதுதான் தப்பு. விளம்பர வருமானமும் அப்படித்தான். 2007இல் கேம்ஸ்பாட் என்ற விமர்சனத் தளம் முழுக்க கேன் அண்ட் லிஞ்ச் கேமின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது அதற்குப் பத்துக்கு ஆறு போட்டார் அங்கே விமர்சகராக இருந்த ஜெஃப் கெர்ஸ்ட்மன், வேலை போயிற்று. காரணத்தை அவர் வெளிப்படையாகப் பேச முடிந்தது 2012இல்தான். ஆகவே ஒரு தளத்தை நம்புமுன், அங்கே விளம்பரம் ஓடிய கேம் எதற்காவது குறைந்த மார்க் விழுந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

யூடியூபில் இன்னும் கவனம் வேண்டும். 2014இல் ஷேடோ ஆஃப் மோர்டோர் கேமுக்காக அதை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்தது: நல்லவிதமாகப் பேசவேண்டும், கேமில் உள்ள கோளாறு (பக்) எதையும் காட்டக்கூடாது என்பது நிபந்தனை. பணம் வாங்கிய செய்தி பல வீடியோக்களில் விவரப் பகுதியில், 'மேலும் காட்டு' என்பதைத் தட்டினால்தான் தெரிந்தது. அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. 2016இல் அந்நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. நம் நாட்டிலும் விளம்பரத் தர மன்றமான ஆஸ்கியின் 2021 விதிப்படி, தட்டித் தேடாமலே கண்ணில் படும்படி விளம்பரம் என்று போட்டாகவேண்டும். ஏமாற்று விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்ச் சேனலானாலும் வீடியோவின் முதல் சில விநாடிகளில் பணம் பெற்ற விளம்பரம் என்ற குறி வருகிறதா பாருங்கள். பிறகு விவரப் பகுதியை முழுசாக விரியுங்கள். தள்ளுபடிக் குறியீடு (டிஸ்கவுண்ட் கோட்) இருந்தால் பெரும்பாலும் விற்பனையில் அவருக்கும் பங்கு உண்டு.

பிசிக்காரர்களுக்கு, கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் வாங்கியவர்கள் எழுதும் விமர்சனமே போதும். இலவசமாகக் கிடைத்த காப்பி என்றால் விமர்சனத்திலேயே குறிப்பு இருக்கும்; வெளியிலிருந்து கீ (கேமைத் திறக்கும் குறியீட்டு எண்) வாங்கிப் போட்டவர்களின் ஓட்டு மொத்த மதிப்பீட்டில் சேராது. எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் பக்கத்திலேயே தெரியும். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்ப வரும். டவுன்லோட் நேரம் இதில் சேராது, அம்பாசமுத்திரத்தில் ராத்திரி முழுக்க இறங்கினாலும் கவலையில்லை. ஆனால் கேமைத் திறந்தபின் ஷேடர் (காட்சிகளை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும் நேரம் கணக்கில் ஏறும். பழைய பிசியில் அதுவே அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். திருப்பிக் கொடுக்கும் எண்ணமிருந்தால் ஒன்றரை மணியிலேயே முடிவெடுத்துவிடுங்கள்.