சுங்கை சிப்புட் கடையில் ஈயமில்லா பீசோ வில்லை: தட்டிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

சுங்கை சிப்புட்டில் மின்னணுச் சாமான் விற்கும் ஒரு கடையில், சொல்லிவைத்தால் ஈயமில்லாத பீசோ வில்லை வரவழைத்துத் தருகிறார்கள். பீசோ என்றால் மின்சாரம் கொடுத்தால் நீளும் பீங்கான்; வழக்கமான வகையைத் தட்டினால் மின்னழுத்தமும் வரும். 10 மி.மீ. விட்டம், 0.5 மி.மீ. தடிமன், இரு முகத்திலும் வெள்ளிப் பூச்சு. பிஸ்மத் சோடியம் டைட்டனேட்டோடு பேரியம் டைட்டனேட்டும் கொஞ்சம் பொட்டாசியம் சோடியம் நியோபேட்டும் கலந்து சுட்ட பீங்கான். ஒன்றின் விலைக்கு பஸ்ஸர் தகடு (பீப் ஒலி எழுப்பும் சாதாரண பீசோ தகடு) ஒரு டசன் வாங்கலாம். ஐந்தாம் படிவ மாணவர்கள் அறிவியல் ஆய்வுக்கு வாங்குகிறார்கள். சிலர் கெட்டுப்போன சரக்கு என்று திருப்பியும் கொடுக்கிறார்கள். சரக்கு நல்ல சரக்குதான்.

மல்டிமீட்டரை மாட்டி விரலால் தட்டினால் பஸ்ஸர் தகட்டில் முள் துள்ளும், இதில் அசையாது. வழக்கமான பீசோ பீங்கானில் மின்புலத்தை எடுத்த பிறகும் துருவங்கள் ஒரு பக்கமாகவே நிற்கும். இது ரிலாக்ஸர் வகை, புலம் போனதும் அந்த ஒழுங்கு கலைந்துவிடும். அதனால்தான் தட்டினால் மின்னழுத்தம் வருவதில்லை. அதனால்தான் புலம் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து முழுசாக நீள்கிறது. இந்தக் கலவைக்கு 2007-இல் வெளியான அளவு, மி.மீட்டருக்கு 8 கிலோவோல்ட்டில் 0.45 விழுக்காடு திரிபு, அதாவது தடிமனில் அத்தனை பங்கு நீட்சி. வழக்கமான, ஈயம் கலந்த பீசோ பீங்கானான பி.இசட்.டி. 0.1 விழுக்காட்டை 2 கிலோவோல்ட்டிலேயே தந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஈயமில்லாததற்கு மின்புலப் பசி அதிகம்.

இந்த வில்லைக்கு 3000 வோல்ட் கொடுத்தால் மி.மீட்டருக்கு 6 கிலோவோல்ட். நீட்சி ஒன்றரை, இரண்டு மைக்ரான். 1500 வோல்ட்டில் அதில் பாதி வராது. ஒரு எல்லைப் புலத்தைத் தாண்டிய பிறகுதான் திரிபு சட்டென்று ஏறும், இறங்கும்போது வேறு பாதையில் இறங்கும். 1 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் கீழே ஓட்டுங்கள். வேகத்தைக் கூட்டினால் அந்த இரு பாதைக்கும் நடுவில் இழக்கும் ஆற்றல் சூடாக மாறி, அளவு தடுமாறும்.

வில்லையைக் காற்றில் வைத்து ஓட்டவே கூடாது, விளிம்பில் பொறி பறக்கும். நம் ஊர் ஈரத்துக்கு, முதலில் 110 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் அடுப்பில் உலர்த்தி, ஆறியதும் சிலிகான் எண்ணெயில் முழுக்கி வையுங்கள். தொடரில் 10 மெகா ஓம் தடை, மின்னேற்றத்தை வடிக்க இன்னொரு தடை. இந்த மின்னழுத்தம் உயிரைக் குடிக்கும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் மாணவர்கள் சுவிட்சைத் தொடக் கூடாது. அடியில் தட்டைத் தகடு வைத்தால் வில்லை வளைவதும் நீட்சியாகப் பதிவாகும், சிறு எஃகுக் குண்டின்மேல் உட்கார வையுங்கள். கம்பியைப் பற்றவைத்தால் வெள்ளிப் பூச்சு ஈயப்பற்றில் கரைந்துபோகும், வெடிப்பும் விழும். ஸ்பிரிங் தொடுமுனை போதும்.

கடையின் மேல் ஒரு குறை உண்டு. ஆர்ஓஎச்எஸ் (மின் சாதனங்களில் ஈயம் போன்ற நச்சுப் பொருளைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதி) முத்திரை போட்ட பஸ்ஸர் தகடுகளையும் 'ஈயமில்லாதது' என்று எழுதிய அதே தட்டில் வைத்திருக்கிறார்கள். மின் உறுப்புகளின் பீங்கானில் இருக்கும் ஈயத்துக்கு அந்த விதியிலேயே விலக்கு உண்டு. அந்தத் தகடு பி.இசட்.டி.யாக இருந்தால், பீங்கான் எடையில் பாதிக்கு மேல் ஈயம். உடைந்த துண்டைத் தேய்க்கவோ பிள்ளைகள் கையில் கொடுக்கவோ வேண்டாம்.

வாங்கும்போது கலவைப் பெயர் எழுதிய தாளைக் கேளுங்கள். வெள்ளிப் பூச்சு விளிம்பிலிருந்து அரை மி.மீட்டராவது உள்ளே தள்ளி நிற்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். விளிம்புவரை பூசியிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், கடைக்கார அண்ணன் முகம் கோணாமல் மாற்றித் தருவார்.