காந்தத்தை இரும்பில் பொருத்த: எபாக்ஸியா, ஸ்குரூவா?

நியோடிமியம் காந்தம் இரும்பில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஆனால் நேராகப் பிடித்து இழுத்தால் வராத காந்தம், பக்கவாட்டில் தள்ளினால் சுலபமாக நகர்ந்துவிடும். அதனால்தான் பசையோ ஸ்குரூவோ தேவைப்படுகிறது.

எபாக்ஸி பசை என்றால் இரண்டு பாகம் கலக்கும் வகையையே வாங்குங்கள். சூப்பர் க்ளூ சீக்கிரம் பிடிக்கும். ஆனால் ஒரு அடி பட்டால் பட்டென விட்டுவிடும். காந்தத்தின் பளபளப்பான நிக்கல் பூச்சில் பசை சரியாகப் பிடிக்காது. அந்த மினுமினுப்பு மங்கும் அளவுக்கு மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பூச்சு கிழிந்தால் உள்ளே துருப்பிடித்துவிடும். இரும்பிலுள்ள பெயின்டை முழுதாகச் சுரண்டி, இரண்டு பக்கத்தையும் அசிட்டோனால் துடைத்துவிட்டு ஒட்டி, ஒரு நாள் தொடாமல் விடுங்கள். பக்கத்தில் வேறு காந்தம் இருந்தால், ஒட்டிய காந்தம் ஈரப் பசையோடு அதன் மேல் தாவிவிடும். துருவம் எந்தப் பக்கம் என்று முன்பே குறித்துக்கொள்வதும் நல்லது.

ஸ்குரூவுக்கு, நடுவில் சரிவான துளையோடு விற்கும் காந்தம்தான் வேண்டும். சாதாரணக் காந்தத்தில் நீங்களே துளை போட வேண்டாம்: நொறுங்கும், தூளும் தீப்பிடிக்கும். அப்புறம், பவர் டூலை விட்டுவிட்டுக் கையால் முடுக்குங்கள், இல்லையென்றால் விரிசல் விழும். துளை இருப்பதால் பிடிப்பு கொஞ்சம் குறையும்.

கருவிகளைத் தினமும் பிடுங்கி மாட்டும் இடம் என்றால் என் ஓட்டு ஸ்குரூவுக்கே. மெல்லிய தகடு என்றால் எபாக்ஸி. வெல்டிங் மட்டும் வேண்டாம். சாதாரண ரக நியோடிமியம் காந்தம் சூடு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே காந்தசக்தியை இழக்கத் தொடங்கும்.