பூவை நெருங்க: மேக்ரோ லென்ஸா, எக்ஸ்டென்ஷன் ட்யூபா?

செம்பருத்தியின் மகரந்தத் துகள்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமென்றால் வெறும் 50 மி.மீ. லென்ஸ் போதாது. கேமராவுக்கும் அதற்கும் நடுவே 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ட்யூப் மாட்டினால் உருப்பெருக்கம் (சென்சாரில் விழும் பிம்பம் பூவின் நிஜ அளவில் எத்தனை பங்கு என்பது) 0.5 கூடும், லென்ஸின் சொந்த 0.15-ஐச் சேர்த்தால் சுமார் 0.65. ட்யூபுக்குள் கண்ணாடியே கிடையாது, வெறும் வளையம்தான். அதனால்தான் விலை குறைவு. ஆனால் லென்ஸ் பூவை முட்டுகிற அளவுக்கு நெருங்கியாக வேண்டும். அதன் நிழலே இதழில் விழும். தள்ளியிருக்கும் செடிக்கு ஃபோகஸ் கிடைக்காது, ட்யூபைக் கழற்றத்தான் வேண்டும். மின்தொடர்பு இல்லாத மலிவு ட்யூப் வேண்டவே வேண்டாம்: இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையின் அளவை) மாற்ற முடியாமல் போகும்.

100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் 1:1 வரை, அதாவது பூவின் நிஜ அளவு வரை போகும். அப்போதும் பூவுக்கும் லென்ஸ் முனைக்கும் இடையே 13 செ.மீ. போல இடம் இருக்கும். வெளிச்சம் மறையாது, தேனீயும் மிரளாது. அதே லென்ஸில் முழுச் செடியையும் எடுக்கலாம். பூச்சிகளும் வேண்டுமென்றால் இதுதான். அசையாத பூ மட்டும் என்றால் ட்யூப் தாராளம்.

இரண்டுக்கும் காற்றுதான் எதிரி. எஃப்/8 அப்பர்ச்சர், 1/250 நொடி ஷட்டர் வேகத்தில் தொடங்குங்கள். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறன் அளவை) ஏற்றுங்கள். எஃப்/16-ஐத் தாண்டினால், மிகச் சிறிய துளையில் ஒளி பரவும் டிஃப்ராக்‌ஷனால் கூர்மை மழுங்கும்.