சாட்ஸ்வொர்த்தில் வாங்கிய மீடியா கீபோர்டு, உபுண்டுவில் எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கடையில் வாங்கிய யூஎஸ்பி கீபோர்டு இது. தட்டுவதற்கு அருமை. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவில் ஒலியைக் கூட்டும், குறைக்கும் பட்டன்கள் செருகியதுமே வேலை செய்தன, ஆனால் பிளே பட்டன் மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. கடையில் கேட்டால் விண்டோஸ் போடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை, உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த்தே தென்னாப்பிரிக்காக்காரர்!

அப்புறம் கட்டளை தட்டும் டெர்மினலில் சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு, எந்தப் பட்டன் அழுத்தப்படுகிறது என்று காட்டும் ஈவிடெஸ்ட் கருவியை ஓட்டி அந்தப் பட்டனை அழுத்தினால், கீ_பிளேபாஸ், எண் 164 என்று தெளிவாக வருகிறது. அப்படியென்றால் கீபோர்டு மேல் குற்றமே இல்லை. நான் பாட்டு கேட்பது எம்பிவி என்ற பிளேயரில். பட்டனை அழுத்தியதும் டெஸ்க்டாப் பிளேயர்களுக்கு எம்பிரிஸ் என்ற பொது முறையில் அனுப்பும் கட்டளை அதற்குத் தானாகப் புரியாது, எம்பிவி-எம்பிரிஸ் என்ற பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். நிறுவி எம்பிவியை மறுபடி திறந்ததும் பட்டனுக்குப் பாட்டு நின்றது, ஓடியது. கீபோர்டைத் தாராளமாக வாங்கலாம், லினக்ஸ் சந்தேகத்துக்கு மட்டும் அந்தக் கடையை நம்பாதீர்கள்.